கொலை வழக்கில் சிக்கிய கடற்கொள்ளையன்

கப்பல் வழக்குகளிலேயே காலம் தள்ளிய எனக்கு, நான் நடத்தாத ஒரு வழக்குதான் அடிக்கடி நினைவுக்கு வரும். 1851இல் ஹாங்காங்கில் நடந்தது அது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் சுய் ஆ பூ, தென்சீனக் கடலைக் கலங்கடித்த கொள்ளைக்காரன். ஆனால் அவன் மீது தொடரப்பட்டது கொலை வழக்கு.

1849 பிப்ரவரியில் ஹாங்காங் தீவின் ஸ்டான்லிக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்தில் இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் பொறியாளர் படையின் கேப்டன் டா கோஸ்டா. மற்றவர் இலங்கை ரைஃபிள் படையின் லெப்டினன்ட் டுவையர். அந்தப் படை அப்போது ஹாங்காங்கில் காவலுக்கு நின்றது. அந்த இரு அதிகாரிகளும் ஊருக்குள் போய்ப் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதால்தான் கைகலப்பு வந்தது என்று அன்றே பேச்சு இருந்தது. கொன்றவன் என்று ஆ பூவின் தலைக்கு விலை வைத்தார்கள்.

அதே ஆண்டு பயஸ் விரிகுடாவில் பிரிட்டிஷ் கடற்படை அவனுடைய கப்பல்களை எரித்தது, அவன் தப்பினான். அடுத்து அவனுடைய தலைவன் ஷாப் இங் சாயைத் தேடி கமாண்டர் ஜான் டால்ரிம்பிள் ஹே புறப்பட்டார். ‘கொலம்பைன்’, ‘ஃபியூரி’, கிழக்கிந்தியக் கம்பெனியின் நீராவிக் கப்பல் ‘பிளெகெதான்’ ஆகியவை சென்றன. ஹைனான் தீவின் சீன அதிகாரிகள் தங்கள் போர்ப் பாய்க்கப்பல்கள் சிலவற்றையும் ஒரு தளபதியையும் கூட அனுப்பினார்கள். அபினிப் போர் முடிந்து பத்தாண்டு கூட ஆகவில்லை. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் அன்று ஒரே எதிரியைத் துரத்தினார்கள். இரு தரப்பு வணிகமும் அடிவாங்கியிருந்தது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அக்டோபரில் டோன்கின் ஆற்று முகத்துவாரத்தில் சண்டை நடந்தது. கொள்ளையரின் 64 பாய்க்கப்பல்களில் 58 அழிந்தன. செத்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். வழக்கறிஞன் கண்ணுக்கு இங்கே ஓர் உறுத்தல். அந்த ஆறு பிரிட்டனுடையதும் அல்ல, சீனாவுடையதும் அல்ல, வியட்நாம் பேரரசருடையது. திறந்த கடலில்தான் எந்த நாடும் கொள்ளையனைப் பிடிக்கலாம். இன்றைய ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 105ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. உடன் வந்த சீனத் தளபதிக்கும் அந்தத் தண்ணீரில் சொந்த அதிகாரம் கிடையாது.

இன்னொன்று, பணம். 1825ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொல்லப்பட்ட அல்லது பிடிபட்ட ஒவ்வொரு கொள்ளையனுக்கும் கடற்படையினருக்கு 20 பவுண்டு வெகுமதி. தாக்குதல் தொடங்கியபோது கப்பலில் இருந்த ஏனையோருக்குத் தலைக்கு 5 பவுண்டு. பிடித்தாலும் இருபது, கொன்றாலும் இருபது! பிடித்தவனுக்குச் சோறு போட வேண்டும், காவல் வைக்க வேண்டும், சாட்சி தேட வேண்டும். செத்தவனுக்கு வக்கீல் வேண்டாம். சட்டம் எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை என்று நம்புவது கடினம். 1850இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது.

கூட்டாகத் துரத்துவதற்கு ஏற்பாடு இருந்தது.  ஆனால் ஆ பூ மீது தொடரப்பட்டது கடற்கொள்ளை வழக்கு அல்ல, கரையில் நடந்த கொலைக்கான வழக்கு.

1851இல் அவனைக் காட்டிக்கொடுத்தார்கள். விசாரணையில் அது திட்டமிட்ட கொலை என்று தீர்மானிக்கப்படவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்றே முடிந்தது. பின்னாளில் இந்திய தண்டனைச் சட்டம் 300ஆவது பிரிவின் முதல் விதிவிலக்காகச் சேர்த்த ‘திடீர்க் கடும் சினமூட்டல்’ நம்மூர் வக்கீல்களுக்குப் பழக்கமானதுதான். கடலில் அவன் செய்தது எதுவாக இருந்தாலும், கரையில் நடந்த அந்தக் கைகலப்புக்கு அதுவே சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. ஊரே தூக்குமேடையை எதிர்பார்த்திருந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். தண்டனை, ஆயுள் முழுவதும் நாடுகடத்தல். கப்பலேறும் முன்பே சிறைக்குள் தூக்கிட்டுக்கொண்டான்.

அவன் தலைவன் ஷாப் இங் சாய் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. டோன்கினிலிருந்து தப்பியவன் சீன அரசிடம் சரணடைந்தான்; மன்னிப்பும் கிடைத்தது, அரசுப் படையில் அதிகாரிப் பதவியும் கிடைத்தது.