விளக்கு வைக்கும் நேரம்

மேற்படிப்பு விடுமுறை பெற்று, 2018 செப்டெம்பரில் யானும் மனைவியும் இலண்டன் மாநகரின் ஈஸ்ட்ஹாமில் ஒரு மாடிவீட்டிற் குடியேறினோம். முருங்கைக்காயும் ஒடியல்மாவும் விற்கும் கடைத்தெரு அது, நாவுக்குக் குறையில்லை. குறை பொழுதில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை அண்டியே கதிரவன் மறைவான். அவ்வேளை விளக்கேற்றுவது அவள் வழக்கம். அங்கோ, ஒக்டோபர் இறுதி ஞாயிறன்று கடிகாரத்தையே ஒரு மணி பின்தள்ளினார்கள். மார்கழியில் நாலு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்தான்.

“இஞ்சாருங்கோ, எத்தனை மணிக்கு விளக்கு வைக்கிறது?” என்றாள்.

விடை கூற அறியேன். நூலகத்தில் யான் ஏழு மணிவரை இருந்த நாள்களில், அவள் தனியே இருளைப் பார்த்திருந்தாள் என்பது அப்பொழுதுதான் உறைத்தது.

மறுநாள் முதல் ஐந்து மணிக்கே வீடு திரும்பினேன். கதவொலி கேட்டதும் அவள் விளக்கேற்றினாள்.

ஆனியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்கவில்லை. ஆயினும் விளக்கு ஐந்து மணிக்கே எரிந்தது. காரணம் வினவினேன்.

“நீங்கள் வாற நேரந்தான் இஞ்சை பொழுதுபடுகிற நேரம்” என்றாள்.