தராசையும் சோதிப்போம்

“போஸ்ட்கிரெஸ் மந்தம், நமக்கு வேண்டாம்” என்றார் அறைத்தோழர். பொங்கல் விழா நுழைவுச்சீட்டுப் பதிவு அதில்தான் நடைபெற வேண்டும். ஐம்பது பேர் ஒருங்கே வருவதுபோல், ‘பிஜிபெஞ்ச்’ என்னும் கட்டளைவரிக் கருவியால் அவர் சோதித்திருந்தார். அளவெண் 1. அந்த அளவில் கணக்குகள் 1,00,000 இருப்பினும் வங்கிக் கிளை ஒன்றே. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அக்கிளையின் இருப்பைத் திருத்தியாக வேண்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பர். ஒரே டிக்கட் ஜன்னலில் ஐம்பது பேரை நிறுத்திவிட்டுக் குமாஸ்தாவைச் சோம்பேறி என்பது நீதியா?

அளவெண்ணை 100 ஆக்கி, பத்து நிமிடம் ஓட்டினேன். நெரிசல் தளர்ந்தது. ஆயினும் நம் வேலை வங்கி வேலையன்று. ஆகவே நம் பதிவுக் கட்டளைகளையே எழுதிக் கொடுத்து இருவரும் மீண்டும் சோதித்தோம். தோழர் இசைந்தார். தீர்ப்புக்கு முன் தராசையும் பார்ப்பது முறையன்றோ!