அளவையும் இரத்தப் பரிசோதனையும்

காட்சி, கருதல், உரை என அளவை மூன்றென்று கொண்டு, ஏனையவற்றை அவற்றுள் அடக்குதல் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியாரின் முறை. முப்பொருளின் உண்மை ஆராயப் புகுமுன் அளவையை அவர் முதற்கண் வைத்தமைக்குக் காரணம் வெளிப்படை. அளக்குங் கோல் பிழைபடின் அளந்த பொருளும் பிழைபடும் அன்றோ? இவ்வளவையியலைப் பாடங்கேட்ட சைவருள்ளும் பலர் அதனைச் சாத்திரத்துள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, உடம்பிற்கு ஒன்று நேர்ந்தவிடத்து ஏதுவும் ஏதுப்போலியும் அறியாதார் போல மயங்குகின்றனர். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை நீக்கிக்கொண்டாரது இரத்தப் பரிசோதனைத் தாள் இம்மயக்கத்திற்குப் பெரியதோர் இடமாய் இருக்கின்றது.

சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழும் அம்மையார் ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், நாடோறும் சிவபூசை செய்பவர். அச்சுரப்பியிற் புற்றுநோய் கண்டு சத்திர சிகிச்சையால் அது முழுவதும் நீக்கப்பெற்றது. அதன் சாரத்திற்கு ஈடாக லெவோதைராக்ஸின் என்னும் மாத்திரை நாளொன்றுக்கு 125 மைக்ரோகிராம் கொள்ளுமாறு வைத்தியர் விதித்தனர். சில மாதங் கழித்து வந்த தாளில், டி.எஸ்.எச். என்பதற்கு நேரே 0.08 என்னும் எண்ணும், பக்கத்தே 'குறைவு' என்னும் உடுக்குறியும் இருந்தன. "தைராய்டு குறைந்துவிட்டது, மாத்திரையைக் கூட்டுக" என்றார் மருமகர். "மருந்து மிகுந்துவிட்டது, நாளைக்கே பாதியாக்குக" என்றார் அண்டை வீட்டார். ஒரே எண்ணைக் கண்டு ஒன்றற்கொன்று மாறாய இரு துணிபுகள் எழுந்தன.

டி.எஸ்.எச். என்பது தைராய்டின் சாரம் அன்று. மூளையின் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்னுஞ் சிறு சுரப்பி, தைராய்டை நோக்கி 'இன்னுஞ் சுரப்பாயாக' என விடுக்கும் ஏவலே அது. இரத்தத்திற் சாரம் குறையின் ஏவல் மிகும். சாரம் நிரம்பின் ஏவல் தணியும். தைராய்டு வெட்டி எடுக்கப்பட்டதனைப் பிட்யூட்டரி அறியாது. இரத்தத்திற் சரக்கு உண்டோ இன்றோ என்பதொன்றே அதற்குப் புலனாம். அச்சரக்கு சுரப்பியினின்று வந்ததோ மாத்திரையினின்று வந்ததோ என அது வினாவுவதில்லை. ஆகவே, டி.எஸ்.எச். குறைந்தது என்பது கொண்டு சாரம் நிரம்பியுள்ளது எனக் கருதலே முறை. மருமகர் ஏவலையே சரக்கென மயங்கினார். அஃது எதிர்மறைத் திரிவு.

அண்டை வீட்டார் கருதியது பாதி சரி. சாரம் மிகுதியே, எனினும் அம்மிகுதி வேண்டியே வைக்கப்பட்டது. தைராய்டிற் பிறந்த புற்றணுக்களுள் எஞ்சியன உளவேல் அவையும் டி.எஸ்.எச். என்னும் ஏவலுக்குச் செவி சாய்த்து வளரும் இயல்பின. ஆதலின் அவ்வேவலை அடக்கி வைப்பது மருத்துவருள் வழங்கும் ஒரு முறை. அமெரிக்கத் தைராய்டுச் சங்கத்தார் 2015-இல் வெளியிட்ட நெறியில், அச்சம் மிக்கவர்க்கு 0.1-க்குக் கீழும், அச்சம் மிகக் குறைந்து நோய்க்குறி யாதும் எஞ்சாதவர்க்கு 0.5 முதல் 2 வரையும் எனப் பலவாறு வகுத்துரைத்தனர். முதியோர்க்கு இவ்வடக்கம் நெடுநாள் மிகுமாயின் நெஞ்சத் துடிப்பு நெறி தவறுதலும் எலும்பு நலிதலும் நேரக்கூடுமாதலின், இவ்வளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். வெறுங் கழலைக்காகச் சுரப்பியை நீக்கினார்க்கோ இவ்வடக்கம் வேண்டுவதே இல்லை. தாளில் அச்சிடப்பெறும் 0.4 முதல் 4 வரை என்பது போன்ற எல்லை, சுரப்பி உடைய பொதுமக்களை நோக்கி வகுத்தது. பொதுவியல்பு கொண்டு சிறப்பியல்பை அளத்தல் அளவையாகாது. அவ்வுடுக்குறி இடுவதும் ஓர் எந்திரம். அஃது அம்மையாரை அறியாது.

இனி, இதனினும் மயக்கந் தருவதொன்று அடுத்து நிகழ்ந்தது. ஐப்பசியிற் கந்தசஷ்டி ஆறு நாளும், கார்த்திகைச் சோமவாரங்களும், இரு திங்களின் பிரதோஷங்களும் ஆக ஏறக்குறையப் பதினான்கு நாட்கள் விரதங் காரணமாக அம்மையார் மாத்திரையை விட்டிருந்தனர். ஏனைய நாட்களில், சத்திர சிகிச்சைக்குப் பின் தந்த சுண்ணச்சத்து மாத்திரையையும் இதனையும் ஒருங்கே விழுங்கி வந்தனர். பரிசோதனை நெருங்கவே அச்சங்கொண்டு ஒரு வாரம் பழுதின்றி உட்கொண்டு, அன்று காலையும் மாத்திரை உண்டபின்னரே இரத்தங் கொடுத்தனர். தாளில் டி.எஸ்.எச். 6.2 என ஏறியிருந்தது. தைராய்டுச் சாரமாகிய கட்டற்ற டி 4 என்பதும் 1.9 என எல்லையை மிஞ்சியிருந்தது. ஏவலும் மிகுதி, சரக்கும் மிகுதி! பரிசோதனைச் சாலை பிழைத்தது என்றே வீட்டார் கொண்டனர்.

சாலை பிழைக்கவில்லை. டி 4 சொல்வது இவ்வாரத்துச் செய்தி. மாத்திரை உண்ட சில நாழிகைக்குள் இரத்தத்தில் அது சற்றே உயர்ந்தும் காணும். டி.எஸ்.எச். சொல்வது சென்ற ஆறு வாரத்துச் செய்தி. உடம்பிற் புக்க டி 4 பாதியாகக் குறைதற்கு ஏழு நாள் ஆகுமாதலின், அளவு மாறியபின் பிட்யூட்டரி புதுநிலையில் அமைதற்கு ஆறு வாரமேனும் வேண்டும். இரு சான்றும் மெய்யே, காலம் வேறு. வைத்தியர் தாளைக் கண்டதும், "எத்தனை நாள் விட்டீர்கள், அம்மா?" என்று மட்டும் வினவினர்.

அம்மையார் விடை கூறுமுன் கண்ணீர் உகுத்தனர் என்ப. இரு திங்களாகப் பஞ்சாக்கர செபத்தில் எண்ணிக்கை மறந்தது; பூசையிடையே உறக்கம் வந்தது; அதனைத் தம் மலத்தின் வலியென்றும் இறைவன் திருவருள் தம்மைக் கைவிட்டதென்றுங் கருதி, விரதங்களை இன்னும் மிகுத்தனர்; மிகுக்க மிகுக்க மாத்திரை தவறியது; மறதியும் மிகுந்தது. சித்தாந்தம் அறிந்தார்க்கு இஃது அரிதிற் புலப்படுவதன்று. மனமும் புத்தியும் சித்தமும் மாயையின் காரியமாகிய சடக்கருவிகள். கருவிக்கு வேண்டும் சாரம் குறையின் அவை மந்திக்கும். அதனை உயிரின் குற்றமாகக் கோடல் தகாது. பெர்ன் நகரத்துக் கோகர் என்னும் சத்திர வைத்தியர், சுரப்பி முழுவதும் இழந்தோர் வீங்கி மந்தமாதலை 1883-இலேயே எழுதி வெளியிட்டனர். அக்காலத்து அந்நோயாளர்க்கு மாத்திரை இல்லை.

விரதத்திற்கு ஊறு செய்யாதன எட்டென எண்ணும் வடநூன் மரபு, நீர், பால், கனி முதலியவற்றோடு மருந்தையும் எண்ணுகின்றது. ஆதலின் சிவராத்திரியன்றும் மாத்திரை கொள்ளத் தடையில்லை. புலாலுணவு ஒழித்தார் சிலர்க்கு வேறோர் ஐயம் உண்டு. 1891-இல் மர்ரே என்பார் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே ஏற்றியது மெய்யே. ஆயின் 1927-இல் ஹாரிங்டன், பார்ஜர் என்னும் இருவர் இச்சாரத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். இப்பொழுது கிடைக்கும் லெவோதைராக்ஸின் அவ்வாறு ஆக்கப்படுவதே. வெறுவயிற்றில் நீரோடு கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் உணவும் காப்பியும் விலக்கவேண்டும் என்பது விதி. வைகறையிற் பல் துலக்கியதும் இதனைக் கொண்டு, நீராடி, பூசை முடித்து எழுவார்க்கு அவ்விடைவேளை தானே வாய்க்கின்றது. சுண்ணச்சத்தும் இரும்புச்சத்தும் நான்கு மணி கழித்தே கொள்ளற்பாலன. அம்மையார் அவ்வாறு ஒழுகத் தொடங்கி இரு திங்களிற் செப எண்ணிக்கை தவறுவது நின்றது.

புற்றுநோயுற்றார் தாளில் தைரோகுளோபுலின் என்னும் மற்றொரு வரியும் காணப்படும். அப்பொருள் தைராய்டு அணுக்களால் மட்டுமே ஆக்கப்படுவது. சுரப்பி முழுதும் நீங்கினார்க்கு அஃது இல்லையென்னும் அளவிற்கு அருகவேண்டும். ஈண்டு நிகழ்வது உடுக்குறிக்கு மறுதலை: சுரப்பி உடையார்க்கு வகுத்த எல்லைக்குட்பட்டு எண் நிற்றலின் தாள் குறியொன்றும் இடாது, அறிந்த வைத்தியரோ அதனைக் கண்டு கவலுவர். இன்னும், அதனைப் பகைக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உளதாயின், தைரோகுளோபுலின் இருந்தும் இல்லாதது போலத் தோன்றலாம். அநுபலத்தி என்னும் ஏது, பொருள் இருந்தாற் காணப்படும் என்னுமிடத்தே செல்லும்; இருட்டறையிற் குடங் காணாமை குடமின்மைக்குச் சான்றாகாது. ஆகலின் இவ்விரண்டனையும் ஒருங்கே பார்ப்பது வழக்கம்.

பனியைப் புகையென மயங்கித் தீயை அனுமித்தலும் இங்கு உண்டு. மயிரும் நகமும் வளர்தற்பொருட்டு விற்கும் பயோட்டின் என்னும் சத்து, பரிசோதனை முறைகளுட் சிலவற்றைக் கெடுத்து, டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி 4-ஐ மிகுத்தும் பொய்யே காட்டும். இரத்தங் கொடுத்தற்கு இரண்டு நாள் முன்னரேனும் அதனை நிறுத்தவேண்டும். உண்டு வந்தமையை வைத்தியர்க்கு உரைத்தலும் வேண்டும். சாலைக்குச் சாலை அளவையலகும் வேறுபடும். ஓரிடத்து 1.3 எனவும் பிறிதோரிடத்து 16.7 எனவும் கட்டற்ற டி 4 வந்தது கண்டு பன்னிரண்டு மடங்கு ஏறிற்றென்று நடுங்கினாரும் உளர். முன்னது டெசிலிட்டரில் நானோகிராம். பின்னது லிட்டரிற் பிக்கோமோல். முன்னதை 12.87-ஆற் பெருக்கின் இரண்டும் ஒன்றே.