கண்ணாடித் தொட்டியில் பச்சை

திருத்தணி மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் பாசி படர்ந்திருக்கக் கண்டால் நாம் அதை ஒரு குற்றமாக நினைப்பதில்லை. கால் வழுக்காமல் படியிறங்கி, ஒரு கை நீரள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, "முருகா!" என்று மலையேறி விடுவோம். ஆனால் அதே பாசி நம் வீட்டுக் கூடத்தில், இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் தோன்றியபோது நமக்கு வந்த கோபம் இருக்கிறதே! முருகன் சினந் தணிந்த தலமாதலால் இவ்வூருக்குத் தணிகை என்று பெயர் என்பார்கள். நம் சினமோ இவ்வூரிலிருந்துகொண்டே நாளுக்கு நாள் ஏறிற்று.

தொட்டி வந்தது பேத்தியின் பொருட்டு. சென்னையில் வளர்ப்பு மீனுக்குப் பேர்போன கொளத்தூரிலிருந்து ஆறு தங்கமீன்கள் வாங்கி வந்தோம். மூன்றாவது வாரம் கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம். பிறகு தண்ணீரே பச்சை. எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "நாச்சு பட்டிந்தி" என்றார். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் நம் தெருவில் இரண்டு பாஷைகளும் இன்னும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யுத்தம் தொடங்கினோம். தண்ணீர் முழுவதையும் கொட்டினோம். கூழாங்கற்களைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். வடிகட்டியின் பஞ்சைத் துணி துவைப்பதுபோல் பிழிந்தோம். தொட்டி பளிங்குபோல் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மாலைக்குள் இரண்டு மிதந்தன.

நடந்தது இன்னதென்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. கல்லிலும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டும் இரையிலுள்ள பாஸ்பேட்டும் வெளிச்சமும் ஒன்று கூடினால் பாசிக்கு விருந்து. நாம் செய்ததென்ன? விருந்தை நிறுத்தாமல், குழாய் நீரின் குளோரினைக்கொண்டு அந்த நுண்ணுயிர்களை அழித்தோம். நஞ்சு மிஞ்சியது. பத்தே நாளில் பாசியும் திரும்பி வந்தது!

விருந்து வைத்தவர் யார் என்று விசாரித்ததில் வெட்கப்படும்படியாயிற்று. காலையில் பாட்டி ஒரு சிட்டிகை. மத்தியானம் நாம், யாரும் பார்க்காதபோது, இரண்டு சிட்டிகை. மாலையில் பேத்தி ஒரு பிடி. தொட்டியிருந்ததோ கிழக்கு ஜன்னலின் நேர் வெயிலில். அழகாயிருக்கிறதென்று இரவு பதினோரு மணி வரை விளக்கு வேறு. சுமார் ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஆறு தங்கமீன்கள் என்பதே அதிகம்; அவை கழிவில் தாராளம் காட்டும் ஜாதி.

"தாத்தா, நீங்க கழுவினதாலதான் செத்துப் போச்சா?" என்று பேத்தி கேட்டாள். வயதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஏழு வயதுக் குழந்தை நம்பியுமிருக்கும். "ஆமாம், அம்மா" என்றோம். அவள் அன்று நம்மோடு பேசவில்லை.

பாசி கொல்லும் மருந்தென்று அயல்நாட்டுப் புட்டி ஒன்றை ஒருவர் சிபாரிசு செய்தார். இத்தகைய மருந்துகள் சிலவற்றில் தாமிரச் சத்து இருக்கிறது. நம் மயில்துத்தமும் அதே வர்க்கந்தான். பாசியைக் கொல்லும், அளவு மீறினால் மீனையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். பேரில் மயில் இருக்கிறதென்று நம்பிவிடலாகாது! புட்டியை வாங்கவில்லை.

தொட்டியை வெயில் படாத சுவரோரம் நகர்த்தினோம். விளக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. வாரந்தோறும் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுகிறோம். புதுநீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுகிறோம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுகிறோம். முன்கண்ணாடியைச் சுரண்டக் காலாவதியான வங்கி அட்டை ஒன்று உதவுகிறது. அது நமக்கு அளித்த பெரிய உபகாரம் இதுவே. வேலம்பாசிக் கொடியும் போட்டிருக்கிறோம். பேரில் பாசியிருந்தாலும் இது வேரும் இலையுமுள்ள செடி. பாசிக்குப் போகும் சத்தை இது பறித்துக்கொள்கிறது. மீன்கள் அதைக் கொறிக்கின்றன, போகட்டும். எஞ்சிய நான்கில் இரண்டைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவருக்கு மனமில்லாமல் கொடுத்தோம்.

இரண்டு மாதமாயிற்று. தண்ணீர் தெளிந்திருக்கிறது. பின்கண்ணாடியில் மட்டும் பச்சையை விட்டு வைத்திருக்கிறோம். நத்தையொன்று அதை மேய்ந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறது. இரை போடுவது இப்போது பேத்தி ஒருத்திதான். காலையில் ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவு. இரை டப்பாவைப் புத்தகப் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துச் சென்றுவிடுகிறாள். வீட்டில் வைத்தால் தாத்தா எடுத்துப் போட்டுவிடுவார் என்று பாட்டியிடம் சொன்னாளாம்.