படத்தில் இல்லாதவர்

மந்தாரக்குப்பத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. அன்று இரவு ஷிப்டு. விடிந்ததும் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அதோ பார், அப்பா!" என்றாள். தெருவில் ஒருவரும் இல்லை.

எனக்கு ரவிவர்மாவின் படம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. 1893-ல் தீட்டியது. 'அதோ அப்பா வருகிறார்' என்பதே அதன் பெயர். மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய மூத்த மகள் மகாபிரபா, கைக்குழந்தையோடு நிற்கிறாள். பக்கத்தில் ஒரு நாய். தாயும் பிள்ளையும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். அப்பாவை மட்டும் காணோம்.

அந்தக் குலத்தில் மருமக்கள் வழி. பிள்ளை தாய் வீட்டுக்குச் சொந்தம்; சொத்தும் தாய் வழியில்தான் இறங்கும். அங்கே பாத்தியதை இல்லாத மனிதருக்காகவா இவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறாள் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வியந்திருக்கிறேன். 1895-ல் அவளுக்குப் பிறந்த பெண் சேது லட்சுமி பாயை 1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. பிறகு மகளுக்காகவும் அப்படி நின்றிருப்பாளோ?

ஏழு மணி ஆயிற்று. "இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமலே. அவள் முகத்தில் ஆசை இல்லை, பயம் இருந்தது. தெருமுனையில் மோட்டார் சைக்கிள் திரும்பிய பிறகுதான் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

மகாபிரபாவின் முகத்தை இனி ஒரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும்.