நெருப்பறைக்கு ஒரு கணக்கு

துபாயில் ஹோட்டல் சமையலறையில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய எங்கள் பெரியப்பா மகன், வந்த மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? எனக்கு ஒரு ஸ்மோக்கர் செஞ்சு குடுடா." பரமக்குடி பக்கம் ரோட்டோரம் கடை போட்டு, விறகுப் புகையில் மெள்ள வேகவைத்த கோழி விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்காகப் பெரியம்மாவின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது.

ஸ்மோக்கர் பெரிய வித்தையொன்றும் இல்லை நண்பர்களே. படுக்கவைத்த 200 லிட்டர் டிரம்முக்குள் கோழி. அதை ஒட்டி, விறகு எரிகிற நெருப்பறை. (தீப்பெட்டி என்று எழுதினால் உங்களுக்குப் பீடி ஞாபகம் வந்துவிடும்!) அங்கிருந்து சூடும் புகையும் டிரம்முக்குள் நுழைந்து, மறுமுனையில் உள்ள புகைபோக்கி வழியாக வெளியேறும். உள்ளே 110 முதல் 120 டிகிரி நின்றால் போதும்.

பெயிண்டை எரித்தெடுக்க வேண்டும், துத்தநாகம் பூசிய தகடு ஆகாது... இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. நெருப்பறையின் அளவை மட்டும் யோசிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் இரண்டு டிரம் கிடைத்தது. இரண்டாவதை அப்படியே நெருப்பறையாக வெல்டிங் வைத்துவிட்டேன். பெரிசாக இருந்தால் நல்லதுதானே!

முதல் நாள் பத்துக் கோழி. அவ்வளவு பெரிய தகரத்தைச் சூடாக்கவே விறகு விறகாகத் தின்றது. இன்னும் அள்ளிப் போட்டேன். திடீரென்று 200 டிகிரியைத் தாண்டியது. பயந்துபோய்க் காற்றுக் கதவை மூடினேன். அங்கேதான் கெட்டது. காற்று கிடைக்காத நெருப்பு எரியவில்லை, புழுங்கியது. வெள்ளை வெளேரென்று கெட்டிப் புகை வந்து தார் மாதிரி கோழிமேல் படிந்தது. ஒரே கசப்பு. பெரியம்மா ஒரு வாய் மென்றுவிட்டு, "உப்பு சரியா இருக்குய்யா" என்றார்கள். அண்ணன் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஹாஸ்டலுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அமெரிக்காவில் ஸ்மோக்கர் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நெருப்பறையின் கொள்ளளவு, இறைச்சி அறையில் மூன்றில் ஒரு பங்கு. 200 லிட்டருக்குச் சுமார் 67 லிட்டர். அதாவது பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி. நான் வைத்தது மூன்று மடங்கு! சின்ன அறையில் சின்ன நெருப்பு, அதற்குத் தாராளமாகக் காற்று. அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப் புகை வரும்.

புது டிரம் வாங்கக் காசில்லை. உள்ளே நெருப்புச் செங்கல் அடுக்கி இடத்தைக் குறைத்தேன். செங்கல் சூட்டையும் பிடித்து வைத்தது.

விறகு, நம்ம சீமைக் கருவேலம். டெக்சாஸில் கறி புகைக்கும் மெஸ்கீட் மரமும் இதே இனம்தான் என்றேன். "ஏன்டா, ஊரைக் கெடுத்த மரம்டா அது" என்று சிரித்தார் அண்ணன். அந்த விறகுக்குக் காரமான புகை. அதனாலேயே நெருப்பு சிறிசாக இருக்கணும்.

அடுத்த ஞாயிறு இரண்டே கோழி, நான்கு மணி நேரம். காற்றுக் கதவைத் தொடவேயில்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டை எடுத்தார்கள்.

தை மாசம் கடை திறக்கிறோம். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.