துணியும் துணிவும்

ஆடையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தால் வியப்புத் தோன்றும். துணிக்கப்பட்டது துணி, துண்டிக்கப்பட்டது துண்டு, அறுக்கப்பட்டது அறுவை, கூறு செய்யப்பட்டது கூறை. வெட்டப்பட்டதே வேட்டியாயிற்று என்பாரும் உளர். சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று பெயர் பெற்றார். அவர் விற்ற பொருள் துணியே. தறியில் நீண்டு கிடக்கும் வரையில் அது பாவும் ஊடையுமாகவே இருக்கிறது. அதிலிருந்து அறுத்தெடுத்த பின்னரே ஒருவர் உடலுக்கு உரிய ஆடையாகிறது. இதனைக் கண்டே தமிழர் அறுத்தலை உணர்த்தும் வினைகளிலிருந்து ஆடைக்குப் பெயர் அமைத்தனர் போலும். துணிதல் என்னும் சொல்லுக்கு ஐயம் நீங்கி முடிவு செய்தல் என்னும் பொருளும் உண்டு. கத்திரியும் மனமும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவ்விரு பொருளையும் ஒருங்கே அறிந்தவர்கள் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்கள். பழைய சேலை, சட்டை, கைலி, தையற்கடையில் எஞ்சிய துண்டு ஆகியவற்றை ஒரே அளவாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மேலும் கீழும் பற்றிக்கொள்ளுமாறு நூலோட்டித் தைப்பதே அக்கலை. குளிர்நாடுகளில் இடையே பஞ்சு வைப்பர். சிங்கப்பூரில் அது வேண்டுவதில்லை. மார்கழி மழையிலும் இரண்டு அடுக்குத் துணி போதும். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பதைக் கந்தா என்பர். தமிழின் கந்தை என்னும் சொல் உடனே நினைவுக்கு வரும். சீனரிடையே பல வீடுகளிலிருந்து துண்டு பெற்றுக் குழந்தைக்குப் போர்வை தைக்கும் வழக்கம் உண்டு. நூறு வீட்டாரின் வாழ்த்தும் அதில் சேரும் என்பது நம்பிக்கை. தமிழ் வீடுகளிலோ பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. பலமுறை துவைத்து மென்மையேறிய பழைய வேட்டியில்தான் கிடத்துவர். தூளி கட்டுவதும் பாட்டியின் சேலையில்தான்.

இக்கலைக்கு ஏற்ற இடம் சிங்கப்பூரில் உண்டெனின் அது கேலாங் எனலாம். கேலாங் சாலையின் ஒரு புறம் ஒற்றை எண்களும் மறுபுறம் இரட்டை எண்களுமாக லோரோங்குகள் பிரிகின்றன. கிழக்கே சென்றால் கேலாங் செராய். செராய் என்பது எலுமிச்சைப்புல்லுக்கு மலாயர் வழங்கும் பெயர். 2009ஆம் ஆண்டில் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட சந்தை அங்குள்ளது. அதனை அடுத்த ஜூ சியாட் வளாகத்தில் துணிக்கடைகள் நெருங்கி நிற்கின்றன. சாவக நாட்டுப் பாத்தேக், பாஜு குரோங்குக்குரிய பூத்துணி, சரிகைப் பட்டு, மெல்லிய வாயில் என எல்லாம் கெஜக்கணக்கில் சுருண்டு கிடக்கும். நோன்புப் பெருநாள் நெருங்கும் காலத்தில் மலாய்க் குடும்பத்தார் அனைவரும் ஒரே நிறத்தில் உடை தைத்துக்கொள்வர். ஆகவே அவ்வாண்டு எந்த நிறம் மேலோங்கியது என்பதைத் தையற்கடையின் கழிவுக்கூடையே சொல்லிவிடும்.

அங்கே ஆடவர் உடுக்கும் கட்டமிட்ட கைலிக்குப் பெலெக்காட் என்று பெயர். அது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபு. சோழமண்டலக் கடற்கரையின் அத்துறைமுகத்தில் 1613இல் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பினர். அங்கிருந்து தமிழகத்துத் துணி தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. துணி தேய்ந்தது, வணிகர் மறைந்தனர், ஊரின் பெயர் மட்டும் கேலாங் கடைக்காரரின் நாவில் இன்றும் நிற்கிறது.

இந்த வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் ஐம்பத்தைந்து வயதைக் கடந்த இல்லத்தரசி ஒருவர் பல ஆண்டுகளாக ஒட்டுப்போர்வை தைத்து வருகிறார். அதற்கென அவருக்குத் தனி அறையும் இல்லை; தனி நேரமும் இல்லை. காலையில் அரிசி வெந்துகொண்டிருக்கும்போது இரண்டு துண்டுகளை இணைப்பார். பிற்பகலில் காய்ந்த துணியை மடித்த பின், கட்டிலின் மேல் துண்டுகளைப் பரப்பி நிறம் பார்ப்பார். கணவர் வேலையிலிருந்து வந்து படுக்க இடம் கேட்கும்போது வரிசை கலையாமல் ஒரு பழைய விரிப்போடு சுருட்டி வைப்பார். அவருடைய நாள் எப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கிறதோ அப்படியே அவருடைய போர்வையும் துண்டு துண்டாக வளர்கிறது.

துணியைத் தேர்வதில் அவர் கண்டிப்பானவர். பருத்தியோடு பருத்தியையே சேர்ப்பார். பருத்தி சுருங்கும், செயற்கை இழை சுருங்காது, இரண்டையும் இணைத்தால் முதல் சலவையிலேயே இடையில் சுருக்கம் விழும். ஆதலால் புதிய துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்துவார். பட்டு தனியே துவைக்க வேண்டியது. சரிகை குழந்தையின் தோலைக் கீறும். அவை இரண்டும் அவர் கூடையில் இடம்பெறா. பெலெக்காட் கைலியை அதன் கட்டத்தின் கோடு வழியே வெட்டாவிடில் போர்வை முழுதும் கோணலாகத் தோன்றும் என்பார். சாயம் போகுமா என்றறிய, ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தித் தேய்ப்பார். வெள்ளையில் கறை பட்டால் அத்துண்டு எத்துணை அழகாயினும் விலக்கப்படும். ஒரு துண்டின் சாயம் அண்டையிலுள்ள பத்துத் துண்டுகளைக் கெடுத்துவிடும் அன்றோ?

நிறத்தைத் தேர்வதில் அவர் முறையே வேறு. இரவில், குழல்விளக்கின் கீழ், அவர் நிறம் பார்ப்பதில்லை. அவ்வொளியில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தோன்றும். அரக்குச் சிவப்பு மண்நிறமாக மங்கும். காலை வெளிச்சம் சன்னல் வழியே விழும்போது துண்டுகளைப் பரப்பி, நான்கடி பின்வாங்கி, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். அப்போது நிறங்களின் பெயர் மறைந்து, எது ஒளி, எது நிழல் என்பது மட்டும் தெரியும். ஒளியும் நிழலும் ஓர் ஒழுங்கில் அமைந்துவிட்டால் சிவப்பும் பச்சையும் அருகருகே இருந்தாலும் கண்ணை உறுத்துவதில்லை. மஞ்சளைச் சிறிதாகவே வைப்பார். ஒரு கைப்பிடி மஞ்சள் போர்வை முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். எங்கேனும் கண் இளைப்பாற ஒரு மங்கிய நிறம் வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

மருமகள் கருவுற்றிருந்தபோது வரவிருந்த பேரக்குழந்தைக்காக அவர் ஒரு போர்வை தொடங்கினார். பாத்தேக்கின் பழுப்பு, மகனின் சிறுவயதுச் சட்டையின் வெளிர்நீலம், அண்டைவீட்டு மலாய் மாது அளித்த பாஜு குரோங்கின் பச்சை, ஒரு கைலிக் கட்டம் ஆகியவை சேர்ந்தன. நடுவே ஆழ்ந்த நிறம் ஒன்று தேவைப்பட்டது. கடையில் வாங்கிய சிவப்புத் துணி வெள்ளையில் கறைபடச் செய்தது. அவருக்கு வேண்டிய நிறம் வீட்டிலேயே இருந்தது. மறைந்த மாமியாரின் அரக்குநிறச் சுங்குடிச் சேலைதான் அது. மதுரையில் சௌராட்டிரர் நூலால் முடிந்து சாயமேற்றும் அச்சேலையில் வெள்ளைப் புள்ளிகள் விண்மீன் போலச் சிதறிக் கிடக்கும். பல நூறு சலவை கண்ட அதன் சாயம் இனிப் போவதற்கு இல்லை. கலையின் இலக்கணப்படி அதைவிடப் பொருத்தமான துணி கிடையாது.

ஆனால் அச்சேலை அவருடையதன்று. "அம்மா சேலையில மட்டும் கத்திரி வைக்காதே" என்றார் கணவர். வேறொன்றும் சொல்லவில்லை. அன்னையின் புகைப்படம் ஒன்றும் அச்சேலையும் அவரிடம் எஞ்சியவை. மனைவியும் மறுமொழி கூறவில்லை. நடுவிடம் வெறுமையாகவே போர்வை சுருட்டி வைக்கப்பட்டது. வாரங்கள் கழிந்தன. உணவு மேசையில் அதைப் பற்றிப் பேச்சில்லை. எனினும் இருவரும் அதனையே எண்ணினர்.

நினைவுக்குரிய துணியில் கத்திரி வைப்பதா என்னும் இத்தயக்கம் இவ்வட்டாரத்துக்கே புதிதன்று. கேலாங் செராயை அடுத்துள்ளது காத்தோங். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியர் வசமான பின், ஐரோப்பியப் பெண்களும் சிறுவர்களும் காத்தோங்கில் சில நாள் வைக்கப்பட்டனர். மார்ச் 8ஆம் நாள் ஏறத்தாழ 400 பேர் அங்கிருந்து சாங்கிச் சிறைக்கு நடந்தே சென்றனர். அவர்களின் கணவன்மார் வேறு பிரிவிலும் வேறு முகாம்களிலும் இருந்தனர், கடிதத்துக்கு வழியில்லை. அப்போது கனடாவைச் சேர்ந்த எத்தெல் மல்வனி என்னும் பெண்மணி ஒரு வழி கண்டார். மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்றோருக்கு ஒட்டுப்போர்வை தைத்து அனுப்ப இசைவு பெற்றார். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு பெண்ணுக்கு. தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்துத் தன் பெயரையும் பொறிக்க வேண்டும். அப்பெயரைக் காண்பவர் மூலம் அவள் உயிரோடிருக்கும் செய்தி கணவனை எட்டக்கூடும்.

துணிக்கு எங்கே போவது? மாவுப்பையையும் படுக்கை விரிப்பையும் வெட்டினர்; உடுத்திய உடையிலிருந்து நூலை உருவினர். வீட்டிலிருந்து கொண்டுவந்த கடைசி உடையில் கத்திரி வைப்பது எளிதாயிருந்திராது. ஆயினும் வெட்டினர். பிரித்தானியருக்கு ஒன்று, ஆத்திரேலியருக்கு ஒன்று, காயமுற்ற சப்பானியருக்கு ஒன்று என மூன்று போர்வைகள் உருவாயின. முதலாவது இலண்டனில் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. மற்ற இரண்டும் கான்பெராவில் ஆத்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. சிறையிலிருந்த சிறுமியரும் தம் சாரணத் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக அறுகோணத் துண்டுகளால் மறைவாக ஒரு போர்வை தைத்தனர். அது இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறைக்கு வெளியே இருந்த தமிழர், சீனர், மலாயர் பட்ட துயரம் வேறு. துணிப் பஞ்சத்தில் சாக்கை உடுத்தியோரும் உண்டு. அவர்களுடைய கந்தைகள் பெரும்பாலும் காத்து வைக்கப்படவில்லை.

அதே 1942இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், மிசௌரி பெட்வே என்னும் கறுப்பினப் பெண் கணவரை இழந்த துயரில் இருந்தார். அவர் வயலில் உழைத்தபோது உடுத்திய உடைகளை எடுத்து வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து அதனுள் போர்த்திக்கொள்வதே அவர் நோக்கம். முழங்காலில் நைந்த துணியும் வெயிலில் வெளிறிய நீலமும் அதில் அப்படியே தெரிகின்றன. உடையைப் பெட்டியில் வைத்திருந்தால் அதைப் பார்க்க மட்டுமே முடிந்திருக்கும். வெட்டியதனால் அதன் வெம்மையைப் பெற்றார்.

கேலாங் வீட்டில் அப்பெட்டி ஒருநாள் திறக்கப்பட்டது. திறந்தவர் கணவரே. சேலையை மெல்ல எடுத்து உதறியபோது மடிப்பு மடிப்பாக அது பிரிந்தது. ஈரக்காற்று மிகுந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி, மடிப்பின் வழியே தானே கிழிந்திருந்தது. சில இடங்களில் பூஞ்சைக் கறை. கத்திரி படாமல் காத்த சேலையைப் பெட்டியே அறுத்துவிட்டது. அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பின்னர் மனைவியிடம் கொடுத்து, "முந்தானையை விட்டுடாதே, அதில்தான் கை துடைப்பாங்க" என்றார்.

மனைவிக்கு அதனால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. சேலையில் மிக நைந்த பகுதி முந்தானையே. ஒளிக்கு நேரே பிடித்தால் விரல் தெரியும். அவருடைய விதிகளின்படி அது விலக்கத்தக்கது. உறுதியான உடற்பகுதியிலிருந்தே நடுவிடத்துக்கு வேண்டிய துண்டுகள் தாராளமாகக் கிடைத்திருக்கும். அவர் இரண்டு நாள் எண்ணினார். பின் ஜூ சியாட்டுக்குச் சென்று வெள்ளை வாயில் அரை மீட்டர் வாங்கி வந்து நனைத்து உலர்த்தினார். முந்தானைத் துண்டின் அடியில் அதை வைத்து, புள்ளிகளின் ஊடே நெருக்கமாக நூலோட்டினார். நடுவில் அதையே வைத்தார். சுற்றிலும் சேலையின் உறுதியான பகுதியைக் காவலாக அமைத்தார். நிறம் எதிர்பார்த்ததைவிடச் சற்று வெளிறியே இருந்தது. அவர் அதை மாற்றவில்லை. எது அழகு என்று தேர்வது ஒரு துணிவு; எது அங்கே இருந்தாக வேண்டும் என்று தேர்வது அதனினும் பெரிய துணிவு.

பிறந்த பெண்குழந்தை அதில் உறங்கியது; பால் கக்கியது; வாரந்தோறும் அது சலவை கண்டது. ஓராண்டுக்குள் நடுத்துண்டின் ஓரம் மீண்டும் நைந்தது. எஞ்சிய சேலையிலிருந்து ஒட்டுப் போடுவதற்காக இல்லத்தரசி அதை மேசைமேல் விரித்தார். மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டவர் அவர் கணவர்.